29 ரூபாதானே மாமா!

மூணு நாளா மழை விடல. சம்பா நடவு முடிஞ்சு முதல் களையும் எடுத்தாச்சு. வரப்பு உடையாம இருக்கான்னு காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, அவ்வளவுதான் இப்போ வேலை. ஆடி மாசத்துல இருந்து எழுதணும் எழுதணும்னு தள்ளிப் போட்ட ஒன்னை இன்னிக்கு எழுதிடுறேன்.

வழக்கமா இங்க உரம், ஆள் பஞ்சம், ஏரி மதகுன்னு எழுதுறவன் மொபைல் கேம் பத்தி எழுதுறானேன்னு நினைக்காதீங்க. பொன்னேரி பக்கம் இருக்கற எங்க கிராமங்கள்ல நிலத்தை நம்பி இருக்கற பையன்கள் ரொம்பக் கம்மி. பாதிப் பேர் எண்ணூர், மணலி, திருவொற்றியூர்னு கான்ட்ராக்ட் வேலைக்குப் போறாங்க. அவங்க சம்பாதிக்கற கூலி எங்க போகுதுங்கறதும் விவசாயக் குடும்பத்துச் சமாச்சாரம்தான்.

எங்க அக்காவை எர்ணாவூர்ல கட்டிக் கொடுத்திருக்கு. ஆடியில நாத்து விட்டுட்டு, கொஞ்சம் கீரையும் ஒரு மூட்டை அரிசியும் எடுத்துக்கிட்டு கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ஏறினேன். ரயில்ல ஒரு மாற்றம் கண்ணுல பட்டுது. முன்னெல்லாம் ஷிப்டுக்குப் போற ஆளுங்க எதிரெதிரா உக்காந்து, நடுவுல துண்டை விரிச்சு சீட்டு ஆடுவாங்க. மீஞ்சூர்ல ஆரம்பிக்கற சத்தம் தண்டையார்பேட்டை வரைக்கும் கேட்கும். இப்போ அதே ஆளுங்க, அதே சீட்டு, ஆனா சத்தமே இல்ல. ஆளுக்கொரு ஃபோன். அத்திப்பட்டுல அனல் மின்நிலையத்துப் புகைபோக்கி ஜன்னல் பக்கம் வந்து போச்சு. ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கல. பக்கத்துல உக்காந்திருந்த பையன் ரெண்டு கட்டை விரலையும் வெச்சு யாரையோ சுட்டுக்கிட்டே இருந்தான்.

விம்கோ நகர்ல இறங்கி அக்கா வீட்டுக்குப் போனா, அரிசி மூட்டையைக் கீழ வைக்கறதுக்குள்ள அக்கா ஆரம்பிச்சிடுச்சு.

"தம்பி, நீயே கேளு அவனை. ரெண்டு மாசமா சீட்டுப் பணம் கட்டல. மாடி ஒழுகுது, பூசலாம்னு நான் போட்ட சீட்டு. மாசம் 2,000 ரூபா. கேட்டா இல்லைங்கறான். ஃபோனே கதின்னு கெடக்கறான். எனக்கு பயமா இருக்குடா."

அக்காவோட பயம் என்னன்னு எனக்குப் புரிஞ்சது. ஆன்லைன் ரம்மி. ரம்மியில கடனாகி உயிரை விட்டவங்க செய்தி நம்ம ஊர்ல எத்தனை தடவை வந்துச்சு! எனக்கும் வயித்தைக் கலக்கிடுச்சு.

மருமவனுக்கு வயசு 24. டிப்ளமா முடிச்சிட்டு ஒரு கன்டெய்னர் யார்டுல கான்ட்ராக்ட் வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, கைக்கு 17,000 வரும். நைட் ஷிப்டு முடிச்சுத் தூங்கி எழுந்து வந்தான். சுத்தி வளைக்காம நேராவே கேட்டேன்.

"ரம்மியா? இன்னா மாமா நீ! அதெல்லாம் நான் தொட மாட்டேன். இது ஃப்ரீ கேமு மாமா. துப்பாக்கிச் சண்டை."

"ஃப்ரீன்னா சீட்டுப் பணம் எங்கடா?"

"அது... அப்பப்ப ஒரு சட்டை, துப்பாக்கிக்கு ஒரு கலரு வாங்குவேன். 29 ரூபாதானே மாமா. ரெண்டு டீக் காசு."

எனக்குக் கணக்கு எழுதுற பழக்கம் உண்டு. வெதைநெல்லுல இருந்து அறுப்பு மிஷின் வாடகை வரைக்கும் நோட்டுல இருக்கும். அவன்கிட்ட சண்டை போடாம, "சரி, ஃபோனைக் குடு, எழுதிப் பார்ப்போம்"னு சொன்னேன். பணம் அனுப்புற ஆப்புல பழைய கணக்கு எல்லாம் இருக்குல்ல, அவனே எடுத்துக் கொடுத்தான். 29, 89, 89, 159, 29, 449. ஒரு தடவை 1,599. அந்த மாசம் அவனுக்கு ஓவர்டைம் வந்திருக்கு. பழைய பில் புக்குக்குப் பின்பக்கம் நாலு பக்கம் ரொம்பிடுச்சு. பதினாலு மாசத்துல 213 தடவை. மொத்தம் 37,846 ரூபா.

"அவ்ளோ இருக்காது மாமா. நீ தப்பா கூட்டியிருப்ப."

கால்குலேட்டர்ல அவனே கூட்டினான். முதல்ல வேகமா, அப்புறம் மெதுவா. அதே தொகைதான். மாசத்துக்கு 2,700. சம்பளத்துல கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு. ஒரு ஏக்கர் நெல்லுக்கு உழவுல இருந்து அறுப்பு வரைக்கும் எனக்கு ஆகுறதைவிட அதிகம். அக்கா சீட்டைவிடவும் அதிகம்.

அக்கா தலையில கையை வெச்சுக்கிச்சு. "பட்டினத்தார் அடங்கின ஊர்ல இருந்துக்கிட்டு, உடம்புல போட முடியாத சட்டைக்கு முப்பத்தெட்டாயிரம் குடுத்திருக்கான்டா!"

எனக்கும் கோபம்தான். "இதுல உனக்கு என்னடா கிடைச்சது? முட்டாளா நீ?"ன்னு கேட்டுட்டேன். அதுக்கு அவன் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரை.

"மாமா, நீ போர் போட்டு எவ்ளோ விட்ட?"

வீடே அமைதியாயிடுச்சு. விஷயம் தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். 2019ல சென்னையே தண்ணி லாரிக்குப் பின்னாடி ஓடுச்சே, அந்தக் கோடையில நான் ரெண்டாவதா ஒரு போர் போட்டேன். 1,80,000 ரூபா. மீஞ்சூர் வட்டாரத்துல நிலத்தடித் தண்ணியை வருஷக்கணக்கா அளவுக்கு மேல உறிஞ்சி, கடல் தண்ணி உள்ள ஏறி வந்தது ஊரறிஞ்ச கதை. தெரிஞ்சும் போட்டேன். "இன்னும் இருபதடி போனா நல்ல தண்ணி வந்துடும்"னு மிஷின்காரர் சொன்னார். இருபதடி போச்சு. இன்னொரு இருபதடின்னார். வந்தது உப்புத் தண்ணி. 'இன்னும் ஒரே ஒரு தடவை'ங்கற போதை என்னன்னு எனக்குச் சொல்லித்தர ஆள் வேண்டாம்.

அதுக்கப்புறம் அவனைத் திட்டற யோக்கியதை எனக்கு இல்லாமப் போச்சு. "சரிடா, காட்டு. என்னதான் இருக்கு அதுல?"ன்னு கேட்டேன். அன்னிக்கு சாயங்காலம் முழுக்கப் பக்கத்துல உக்காந்து பார்த்தேன்.

நான் பார்த்ததைச் சொல்றேன். அந்த ஆட்டத்துக்குள்ள அவன் ஒரு குழுவுக்குத் தலைவன். எண்ணூர், கத்திவாக்கம், தண்டையார்பேட்டை, காசிமேடுன்னு நாப்பது பையன்கள் இருக்காங்க. அவன் உள்ள நுழைஞ்சதும் "தல வந்துட்டாரு"ன்னு நாலு குரல் கேட்குது. எந்தப் பக்கம் போகணும், யார் முன்னாடி போகணும், யார் காவல் நிக்கணும்னு இவன் சொல்றான், அவங்க கேட்கறாங்க. ஒருத்தன் காசிமேட்டுல விசைப்படகுக்குப் போற பையன். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். கட்டிப்போட்ட படகுலயே உக்காந்து ஆடுவானாம். இன்னொருத்தன் லாரி கிளீனர். துறைமுகத்துக்குப் போற வரிசையில வண்டி மணிக்கணக்கா நிக்கறப்போ ஆடுவானாம்.

"யார்டுல உன்னை என்னன்னு கூப்பிடுவாங்க?"ன்னு கேட்டேன்.

"ஏய் கான்ட்ராக்ட்டுன்னுதான். மூணு வருஷமாச்சு. சூப்பர்வைசருக்கு எம் பேரு தெரியாது."

இப்போ புரியுதா? அவன் சட்டைக்குக் காசு கொடுக்கல. பேருக்குக் கொடுத்தான். யார்டுல நூறு கன்டெய்னர் சரி பார்த்தாலும் இருநூறு பார்த்தாலும் அதே கூலி, அதே 'ஏய்'. ஆட்டத்துல ஒரு வேலை முடிச்சா உடனே மணி அடிக்குது, புள்ளி ஏறுது, நட்சத்திரம் வருது, பேருக்குப் பக்கத்துல பட்டம் வருது. பாடுபட்டதுக்கு அந்த நிமிஷமே கணக்கு. எனக்கு நாத்து விட்டு நாலஞ்சு மாசம் கழிச்சுத்தான் நெல்லு தெரியும். அதுவும் மழை மனசு வெச்சா. அவனுக்கோ மூணு வருஷமா ஒன்னுமே தெரியல. அந்தப் பசிக்கு ஒருத்தன் சோறு போடறான்னா பிள்ளைங்க போகத்தான் செய்வாங்க. அதைக் குத்தம்னு நான் சொல்ல மாட்டேன்.

குத்தம் எங்க இருக்குன்னா, அந்தச் சோத்துக்கு விலை போடற விதத்துல.

மாட்டுச் சந்தைக்குப் போனவங்க பார்த்திருப்பீங்க. தரகர்கள் துண்டைப் போட்டு கையை மூடிக்கிட்டு, உள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க. சுத்தி நிக்கறவனுக்கு ஒன்னும் தெரியாது. ஆனா வாங்கறவனுக்கும் விக்கறவனுக்கும் விலை துல்லியமாத் தெரியும். இந்த கேம் கடையில துண்டு வாங்கறவன் கண்ணு மேல விழுது.

எப்படின்னா, அங்க எதுக்கும் ரூபாயில விலை இல்ல. முதல்ல ரூபாயைக் கொடுத்து வைரமோ காசோ வாங்கணும். அப்புறம் அந்த வைரத்தைக் கொடுத்து சட்டை வாங்கணும். ரூபா வைரமா மாறின உடனே அது நம்ம பணம்ங்கற நினைப்பே போயிடுது. உதாரணத்துக்கு, சட்டை விலை 100 வைரம்னா, வைரம் 80ஆ ஒரு பொட்டலம், 170ஆ ஒரு பொட்டலம்னுதான் விக்கும். 80 வாங்கினாப் பத்தாது. 170 வாங்கினா 70 மிஞ்சும். மிஞ்சினதை வீணாக்க மனசு வராது. இன்னும் கொஞ்சம் போட்டா அடுத்த பொருள் வந்துடும். எங்க ஊர் உரக்கடையில இந்த மாதிரி ஒருத்தன் வித்தா கடையைச் சுத்தி ஆள் கூடிடும்.

அடுத்தது கடிகாரம். 'இன்னும் 3 மணி நேரம் மட்டும்'னு ஒரு ஓரத்துல நொடி ஓடிக்கிட்டே இருக்கும். மூணு மணி நேரம் முடிஞ்சா இன்னொரு பேர்ல அதே மாதிரி ஒன்னு வரும். அப்புறம் சீசன் பாஸ். முன்னாடியே பணம் கட்டிடணும், ஆனா கட்டின பொருள் கைக்கு வராது. தினம் தினம் ஆடினாத்தான் ஒவ்வொன்னாத் திறக்கும். கட்டின பணம் போயிடுமேன்னு தூக்கத்தைக் கெடுத்து ஆடறான் பையன். காசையும் கொடுத்து வேலையும் செய்யற கூலி ஆளை நான் அங்கதான் பார்த்தேன்.

எல்லாத்துக்கும் மேல அதிர்ஷ்டப் பெட்டி. நம்ம சின்ன வயசுல பெட்டிக்கடையில பிரைஸ் அட்டை கிழிச்சோமே, அதேதான். பெரிய பரிசு அட்டையில மேல பளபளன்னு தொங்கும். நமக்கு வர்றது மிட்டாய். ஜப்பான்ல காசு போட்டுத் திருகினா பொம்மை விழுற மிஷின் உண்டு. அந்தச் சத்தத்தை வெச்சு இதுக்கு 'காச்சா'ன்னு அவங்க பேர் வெச்சாங்க. பல பெட்டி திறந்து ஒரு முழு செட்டுச் சேர்த்தாத்தான் பெரிய பரிசுங்கற முறையை 2012லயே அந்த நாட்டுல கூடாதுன்னுட்டாங்க. பெல்ஜியம் 2018ல காசு வாங்கிட்டுத் திறக்கற இந்த அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம்னே சொல்லிடுச்சு. அமெரிக்காவுல ஃபோர்ட்நைட் கேம் நடத்துற எபிக் கம்பெனி, ஏமாத்து பட்டன்களால தெரியாம வாங்க வெச்சதுக்காக 24.5 கோடி டாலர் திருப்பித் தரணும்னு 2022ல அங்கத்த வர்த்தக ஆணையத்தோட ஒப்புக்கிட்டது.

இந்தத் தொழில்ல இன்னொரு விஷயமும் உண்டு. ஆடறவங்கள்ல பெரும்பாலான பேர் ஒரு பைசா கட்டறதில்ல. கட்டற கொஞ்சப் பேரை நம்பித்தான் வியாபாரமே. அதிகமா கட்டறவங்களுக்கு அந்தத் தொழில்காரங்க வெச்சிருக்கற பேரே 'திமிங்கலம்'. எங்க மருமவன் திமிங்கலம் இல்ல, நெத்திலி. ஆனா திமிங்கலத்துக்கு விரிச்ச வலையில நெத்திலியும் சேர்ந்துதான் மாட்டுது. அதோட வீட்டு மாடிதான் ஒழுகுது.

சட்டம் என்ன பண்ணுதுன்னு கேட்பீங்க. நம்ம மாநிலத்துக்கு இது பழைய சண்டை. 1968ல அரசாங்கமே பரிசுச்சீட்டு நடத்துச்சு. எங்கப்பா சட்டைப் பையில எப்பவும் ஒரு சீட்டு இருக்கும். அப்புறம் சுரண்டல் லாட்டரி வந்து கூலிக்காரங்க கையில இருந்ததையெல்லாம் சுரண்டின பிறகு, 2003ல லாட்டரியையே தடை பண்ணாங்க. ஆன்லைன் ரம்மிக்கு 2020 நவம்பர்ல ஓர் அவசரச் சட்டம் வந்துது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்ட்ல சென்னை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில குழு போட்டு, 2022ல மறுபடி சட்டம் கொண்டு வந்தாங்க. ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டசபை ரெண்டாவது தடவையும் நிறைவேத்தி, 2023 ஏப்ரல்லதான் அமலுக்கு வந்துச்சு. அந்த வருஷம் நவம்பர்ல, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அதுக்கு இந்தத் தடை செல்லாதுன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2025 பிப்ரவரியில, பணம் வெச்சு ஆடற ஆட்டத்துக்கு ராத்திரி 12 மணியில இருந்து காலை 5 மணி வரைக்கும் பூட்டுன்னு மாநில அரசு விதி போட்டுச்சு. கடைசியா ஆகஸ்ட்ல மத்திய அரசே பணம் வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டம் மொத்தத்துக்கும் தடைச் சட்டம் கொண்டு வந்துடுச்சு.

நல்லதுதான். ஆனா இந்தச் சட்டம் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்குது: 'பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம்னு ஆடறியா?' எங்க பையன் எதையும் ஜெயிக்கறதே இல்லையே! பணம் திரும்பி வரும்ங்கற ஆசை காட்டினா அது சூது. திரும்பி வரவே வராதுன்னு வாங்கிட்டா அது பொழுதுபோக்கு. அக்கா வீட்டுச் சீட்டுப் பணத்துக்கு இந்த வித்தியாசம் தெரியல.

அரசாங்கம் துப்பாக்கிச் சண்டை கேமைத் தடை பண்ணதே இல்லையான்னா, பண்ணியிருக்கு. 2020 செப்டம்பர்ல பப்ஜி, 2022 பிப்ரவரியில ஃப்ரீ ஃபயர். ஆனா அந்த நடவடிக்கைக்குக் காரணம் நாட்டுப் பாதுகாப்பு, சீனாவுக்குத் தகவல் போகுதுங்கறது. பையன்களோட பாக்கெட் இல்ல. பப்ஜி போனா அடுத்த வருஷமே பிஜிஎம்ஐன்னு வேற பேர்ல வந்துச்சு. அதையும் நடுவுல நிறுத்தி மறுபடி விட்டாங்க. இதுல நான் கவனிச்சது வேற. கடை சாத்தினா நாம வாங்கின பொருள் உள்ளயே மாட்டிக்கும். நாம வாங்கினதுன்னு நினைச்சது நமக்குச் சொந்தமே இல்ல. குத்தகை நிலத்துல தென்னை வெச்ச மாதிரி.

அதனால தடை பண்ணுங்கன்னு நான் கேட்க மாட்டேன். நான் கேட்கறது ரெண்டே விஷயம்.

முதல் விஷயம், துண்டை எடுங்க. எந்தப் பொருளா இருந்தாலும் அதுக்குப் பக்கத்துல ரூபாயில விலை இருக்கணும். அதிர்ஷ்டப் பெட்டின்னா, எத்தனை பெட்டியில ஒன்னு விழும், அதுக்குச் சராசரியா எவ்வளவு ரூபா ஆகும்னு போடணும். கேமைத் திறந்த உடனே 'இந்த மாசம் நீ இதுவரைக்கும் கட்டினது இவ்வளவு'ன்னு ஒரு வரி தெரியணும். இது ஆகாத காரியம் இல்ல. கேம் காசுல விலை போட்டா நிஜப் பணத்துலயும் தெளிவா விலை தெரியணும்னு 2025 மார்ச்ல ஐரோப்பிய ஆணையமும் அங்கத்த நுகர்வோர் அமைப்புகளும் வழிகாட்டுதல் கொடுத்திருக்காங்க. நம்ம நாட்டுலயும் 2023 நவம்பர்ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாத்து உத்திகளைப் பட்டியல் போட்டு, கூடாதுன்னு சொல்லியிருக்கு. 'இப்பவே வாங்கலைன்னா போச்சு'ன்னு பொய்யா அவசரப்படுத்தறது அந்தப் பட்டியல்லயே இருக்கு. அரிசி மூட்டை மேல எடையும் விலையும் போடணும்னு சட்டம் இருக்கற நாட்டுல, வைரப் பொட்டலத்துக்கு மட்டும் என்ன விதிவிலக்கு?

இதைப் படிக்கற உங்கள்ல சிலர் பழைய மகாபலிபுரம் ரோட்டுல இந்த மாதிரி ஆப் செய்யற கம்பெனியிலயே வேலை பார்க்கலாம். அந்தப் பட்டனை எங்க வைக்கறது, கடிகாரத்தை எந்தக் கலர்ல ஓட விடறதுன்னு முடிவு எடுக்கற மீட்டிங்ல நீங்களும் உக்காந்திருக்கலாம். அடுத்த தடவை உக்காரும்போது எங்க அக்கா வீட்டு மாடியைக் கொஞ்சம் நினைச்சுக்குங்க. நான் கேட்கறது அவ்வளவுதான்.

ரெண்டாவது விஷயம் கொஞ்சம் கஷ்டம். அந்தப் பையன்களுக்குப் பேர் வேணும். அது சும்மா கிடைக்கற இடம் முன்னாடி இருந்துச்சு. ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டைன்னு தெருவுக்குத் தெரு கேரம் கிளப். ஒரு பலகை, கொஞ்சம் பவுடர், ஒரு குண்டு பல்பு. காசு வெச்சு ஆடறதும் உண்டு, இல்லேன்னு சொல்லல. ஆனா நல்லா ஆடற பையனைத் தெருவுக்கே தெரியும். அந்த மாதிரி வடசென்னைத் தெருவுல இருந்து வந்த ஆட்டோக்காரர் மகள் காசிமா, 2024ல அமெரிக்காவுல நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில மூணு தங்கம் வாங்கிட்டு வந்துச்சு. அந்தச் சின்னப் பலகைக்கு 'சீசன் பாஸ்' இல்ல. தோத்தாலும் எதிர்ல இருக்கறவன் மூஞ்சி தெரியும்.

எல்லாரும் கேரம் ஆடுங்கன்னு சொல்லி முடிச்சிடலாம். அது ஏமாத்து. பன்னிரண்டு மணி நேரம் நின்னுட்டு வர்றவன் எந்தக் கிளப்புக்குப் போவான்? அவன் கையில இருக்கற நேரம் ஷேர் ஆட்டோவுல பத்து நிமிஷம், தூக்கம் வர்ற வரைக்கும் அரை மணி. அந்த நேரத்துக்குப் பொருந்தற மாதிரி செஞ்சு வெச்சிருக்காங்க கேமை. யார்டுல எட்டு மணி நேர வேலையும், மூணு வருஷம் வேலை பார்த்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிடற சூப்பர்வைசரும் இருந்தா, வைரக் கடையில வியாபாரம் பாதியாக் குறையும்ங்கறது என் எண்ணம். நீங்களும் உங்க அபார்ட்மென்ட் செக்யூரிட்டியையும் டெலிவரி கொண்டு வர்ற பையனையும் எப்படிக் கூப்பிடறீங்கன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. நானும் என்கிட்ட நடவுக்கு வர்ற ஆளுங்களை இந்தத் தடவை 'ஏம்மா, ஏய்யா'ன்னு கூப்பிடாம பேர் கேட்டு எழுதிக்கிட்டேன். ஒரு அம்மா எங்க நிலத்துக்கு ஒன்பது வருஷமா வருதாம். பேரு இப்பத்தான் தெரியும் எனக்கு.

மருமவன் என்ன ஆனான்னு கேட்பீங்க. ஆட்டத்தை விடல. விடச் சொல்லி நானும் கேட்கல. நாப்பது பேர் இருக்காங்கல்ல. நான் கிளம்பறப்போ என் கணக்கு நோட்டுல புதுசு ஒன்னு இருந்துச்சு, அதைக் கொடுத்துட்டு வந்தேன். "மாசம் 200 வரைக்கும் உன் இஷ்டம். எது வாங்கினாலும் வாங்கறதுக்கு முன்னாடி ரூபாயில எழுது. அப்புறம் வாங்கு"ன்னேன். ஃபோன்ல கைரேகை வெச்ச உடனே பணம் போற வசதியையும் எடுத்துட்டு, ஒவ்வொரு தடவையும் நம்பர் போடற மாதிரி மாத்திக்கிட்டான்.

போன வாரம் ஃபோன் பண்ணியிருந்தான்.

"மாமா, இந்த மாசம் 288 ஆயிடுச்சு."

"200ன்னுதானடா பேசினோம்?"

"ஆமா மாமா. 89க்கு ஒரு பெட்டி வந்துச்சு, விட முடியல. ஆனா எழுதி வெச்சிருக்கேன். சீட்டும் கட்டிட்டேன்."

சரின்னு சொன்னேன். பொங்கல் லீவுக்கு அறுப்புக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான். மிஷின் வர்றதுக்கு முன்னாடி வரப்போரம் கையால அறுக்க ரெண்டு ஆள் எப்பவும் தேவைப்படும். வரட்டும். மழை கொஞ்சம் விட்ட மாதிரி இருக்கு, நான் வரப்பைப் பார்த்துட்டு வர்றேன்.